நெருப்பு உருண்டை வீசாத மந்திரவாதி

ஒரு நெருப்பு உருண்டைகூட வீசாமல் டிராகனைக் கொன்ற மந்திரவாதி இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் சங்கரன்கோவிலில் ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு விடுகிறார்.

ஃப்ரீசர் பெட்டி என்றால் ஐஸ்கிரீம் பெட்டி இல்லை. வெளியூரிலிருந்து மகனோ மகளோ வந்து சேரும்வரை வீட்டு நடுவில், கண்ணாடி மூடிக்குள், இறந்தவரைக் கிடத்தி வைப்பார்களே, அந்தப் பெட்டி. ஊர் அவருக்கு வைத்த பெயர் ஐஸ்பெட்டி. சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் அதைச் சொல்லி விசாரித்தால் அவர் தெருக்காரர்களே முழிப்பார்கள். 'ஐஸ்பெட்டி வீடு' என்றால் கையை நீட்டிக் காட்டுவார்கள். காட்டும்போதுகூட அந்தப் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

ஆள் நல்ல உயரம். உடம்பில் சதை என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. எப்போதும் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. முகத்தைப் பார்த்தால் நம் வீட்டிலேயே யாரோ போய்விட்ட மாதிரியும், அதை எப்படிச் சொல்வதென்று அவர் தயங்குகிற மாதிரியும் இருக்கும். வயதானவர்கள் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். ஒருதடவை பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவரைச் சும்மா ஏற இறங்கப் பார்த்துவிட்டார். பெரியவர் கம்பை ஓங்கிக்கொண்டு வந்துவிட்டார். "என்னவே, அளவு பாக்கியா?"

கல்யாண வீட்டுக்காரர்கள் அவருக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்புவார்கள். கல்யாணம் முடிந்த பிறகு கிடைக்கிற மாதிரி. அவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில், மாப்பிள்ளை என்ன தொழில் என்று சொல்லி முடிப்பதற்குள் கேசரித் தட்டு உள்ளே திரும்பிப் போய்விடுமாம். இதை அவரே சொல்லுவார். சிரிக்காமல் சொல்லுவார். நாங்கள்தான் சிரித்துவிட்டு, பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கையைப் பார்ப்போம்.

அவர் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும்.

எனக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. மாடியில் ஒரு அறை. ஞாயிறு மதியம் கடைக் கதவைப் பாதி இறக்கிவிட்டு அங்கே உட்கார்ந்து ஒரு விளையாட்டு ஆடுவோம். அதைக் கொண்டுவந்தவர் செல்வின். பக்கத்துக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறவர். படிக்கிற காலத்தில் வெளியூர் ஹாஸ்டலில் கற்றுக்கொண்டது. மாய உலகக் கதை விளையாட்டு. ஒருவர் கதை சொல்லுவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் போவோம். நான் வாள்வீரன். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் கோமதி, கதையில் ஒரு திருடி. "முன்னால் ஒரு கதவு இருக்கிறது" என்று செல்வின் சொன்னால், உடைப்பதா, தட்டுவதா, காதை வைத்துக் கேட்பதா என்று நாங்கள் முடிவு செய்ய வேண்டும். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

செல்வின் வைத்திருந்தது இந்த விளையாட்டின் ஆகப் பழைய பதிப்பு. புதிய பதிப்புகளில் மந்திரவாதிகள் நினைத்தபோதெல்லாம் மின்னல் விடுவார்களாம். பழையதில் அந்த வசதி இல்லை. ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். சொன்னதும் அது மறந்துபோகும். தூங்கி எழுந்து மறுபடி மனப்பாடம் செய்ய வேண்டும். உடம்பும் நோஞ்சான். பூனை பிறாண்டினால் போய்விடுவான். அதனால் எங்களில் யாரும் மந்திரவாதியாக இருக்கச் சம்மதிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கோமதியும் பாதாளக் குகைக்குள் குட்டிச்சாத்தான் கூட்டத்திடம் வசமாக மாட்டிக்கொண்டோம். பகடை எங்களைக் கைவிட்டது. செல்வின் வகுப்பில் பேசுகிற குரலில் அறிவித்தார்: "முடிஞ்சுது. ரெண்டு பேரும் செத்தாச்சு!"

படிக்கட்டில் செருப்புச் சத்தம். கதவில் ஐஸ்பெட்டி நின்றுகொண்டிருந்தார்.

"யாருவே செத்தது?"

அவர் கையில் கம்பி ஒடிந்த மூக்குக்கண்ணாடி. அதைச் சரிசெய்ய வந்தவர், கீழே நிற்கும்போது காதில் விழுந்த சேதியைக் கேட்டு மேலே ஏறி வந்திருக்கிறார். தொழில் புத்தி.

"ஐயோ, விளையாட்டுல அண்ணாச்சி!" என்றார் செல்வின். "கண்ணாடிக் கடைக்காரரும் கோமதியும் கதையில செத்துட்டாங்க. அவ்வளவுதான்."

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சரி. பொணத்தை என்ன செஞ்சிய?"

செல்வின் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் புத்தகத்தில் பூதத்தின் பல்லுக்குக்கூட விதி இருந்தது, இதற்கு இல்லை. "அது… அங்கனயே கெடக்கும் அண்ணாச்சி."

"அங்கனயே போட்டுட்டு வந்துட்டு, இங்கன உக்காந்து மிச்சர் திங்கிய? நல்லா இருக்குவே ஒங்க விளையாட்டு." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "நான் போய் எடுத்துட்டு வாரேன். எப்படிப் போகணும்னு சொல்லுங்க."

அப்படித்தான் எங்களுக்கு ஒரு மந்திரவாதி கிடைத்தார். பகடை அவருக்குக் கொடுத்த ஒரே மந்திரம், ஒளி மந்திரம். ஒரு பொருளின் மேல் போட்டால் அது விளக்கு மாதிரி எரியும். இருட்டுக் குகையில் பாதை பார்க்க உதவும், அவ்வளவுதான். பரிதாபத்தில் செல்வின் வேறு மந்திரம் எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டார். கையில் கயிற்றோடு தன்னந்தனியாகக் குகைக்குள் போனார். குட்டிச்சாத்தான்கள் சூழ்ந்துகொண்டன.

"மந்திரத்தைப் போடுதேன்."

"எது மேல அண்ணாச்சி? கம்பு மேலயா?"

"செத்தவங்க மூஞ்சி மேல."

செல்வின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அது பாதை பாக்க…"

"எங்க பெட்டிக்குள்ள ட்யூப் லைட்டு எதுக்கு வச்சிருக்குங்கிய? வெளிச்சத்துல அந்த மொகத்தைப் பாத்துட்டா பெத்த மவனே ரெண்டடி தள்ளித்தான் நிப்பான். குட்டிச்சாத்தானுக்கு மட்டும் எங்கிருந்துவே தைரியம் வரும்?"

செல்வின் பகடையை உருட்டினார். என் பிணத்தின் முகம் குகை இருட்டில் பளீரென்று எரிய, குட்டிச்சாத்தான்கள் ஆயுதங்களைப் போட்டுவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டன. ஐஸ்பெட்டி எங்களைக் கேடயங்களில் கிடத்தி, கயிறு கட்டி இழுத்து, வெயிலுக்குக் கொண்டுவந்து, குழி தோண்டி, மண் இளக்கமாக இருக்கிறதா என்று செல்வினிடம் விசாரித்து, முறையாக அடக்கம் செய்தார். கோமதிக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணாச்சி, எனக்கு ஒரு மாலை போடுங்களேன்" என்றாள். சங்கரன்கோவில் பூச்சந்தையிலிருந்து வந்ததாக நினைத்து ஒரு பிச்சிப்பூ மாலை போட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் புதிய பாத்திரங்களோடு ஆடினோம். அவர் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. ஆனால் பாதி ஞாயிறுகளில் முழுதாக இருந்ததும் இல்லை. அவர் போன் அடிக்கும். பூதத்தின் கழுத்தில் வாள் இறங்குகிற நேரமாகப் பார்த்து அடிக்கும். அறையில் சத்தமே இருக்காது. அவர் பேசுவது மட்டும் கேட்கும். "எப்பம்?… ஆம்பளையா, பொம்பளையா?… யாரு வரணும்?… துபாயா? சரி. பெரிய ப்ளக் பாயின்ட் இருக்கா? இல்லாட்டா ஒயர் கொண்டாரேன்." எழுந்து போய்விடுவார். அவர் மந்திரவாதி அப்படியே சிலையாக நிற்பான், நாங்களும் நிற்போம், பூதமும் மரியாதையாகக் காத்துக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது அவர் மேல் டெட்டாலும் ஊதுபத்தியும் மணக்கும். உட்கார்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துவிட்டு, "எங்கன விட்டோம்?" என்பார். யார் வீடு என்று நாங்கள் கேட்க மாட்டோம். சாவு வாராவாரம் எங்கள் விளையாட்டுக்குப் போன் செய்துகொண்டிருந்தது. எங்களுக்கு அது பழகிப்போனதுதான் இப்போது நினைத்தால் பயமாக இருக்கிறது.

டிராகன் கதைக்கு வருகிறேன். மலை முகட்டில் டிராகன் எங்களை வளைத்துவிட்டது. என் வாள் உடைந்துவிட்டது. கோமதி பாறைக்குப் பின்னால். டிராகன் நெருப்பைக் கக்க வாயைத் திறக்கிறது. ஐஸ்பெட்டியிடம் அன்றைக்கு இருந்தது அடைப்பு மந்திரம். திறந்த கதவை மூடிப் பூட்டுப் போட்ட மாதிரி ஆக்கிவிடும். கதவுக்கு மட்டும்தான்.

"டிராகன் வாய் மேல போடுதேன்" என்றார்.

"அது கதவு இல்ல அண்ணாச்சி!"

"தொறக்குதா?"

"தொறக்குது."

"மூடுதா?"

"மூடுது, ஆனா…"

"உள்ள எடம் இருக்கு, வெளிய எடம் இருக்கு, நடுவுல தொறந்து மூடுதது ஒண்ணு இருக்கு. அதுக்கு ஒங்க இங்கிலீசுல வேற என்னவே பேரு?"

"அது உசுருள்ளது! உசுருள்ளதுல கதவு கிடையாது!"

"இதயத்துல வால்வுங்காங்களே, அது என்ன? எம்மா கோமதி, நீ நர்ஸுல்லா, சொல்லு."

கோமதி பாறைக்குப் பின்னாலிருந்து, "கதவு மாதிரிதான் அண்ணாச்சி" என்று சாட்சி சொல்லிவிட்டாள். செல்வின் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். டிராகன் வாயைத் திறந்தபடியே ஒரு வாரம் நின்றது. அந்த மனிதர் கல்லூரி நூலகத்தில் அகராதிகளையெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த ஞாயிறு தீர்ப்போடு வந்தார்: பகடையே முடிவு செய்யட்டும். ஐஸ்பெட்டி உருட்டினார். வாய் மூடிக்கொண்டது. கக்க வந்த நெருப்பு வெளியே வர வழியில்லாமல், டிராகன் நமத்துப்போன பெரிய வெடி மாதிரி இரண்டு தரம் விம்மிவிட்டு உள்ளுக்குள்ளேயே வெடித்துச் செத்தது. நானும் கோமதியும் எழுந்து ஆடினோம். ஐஸ்பெட்டி மட்டும் கவலையாக உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பெட்டியைச் சேத்துப் போட்டாலும் வாலு வெளிய நிக்கும்வே."

அந்த டிராகனின் குகையில்தான் நெருப்பு உருண்டை மந்திரம் எழுதிய சுருள் கிடைத்தது. மந்திரவாதிகள் தவமிருக்கிற மந்திரம் அது. ஒரே வீச்சில் ஒரு படையையே பொசுக்கிவிடலாம். அன்று செல்வின் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக்கொண்டு வந்தார். ஐஸ்பெட்டி பிரியாணியை ரசித்துச் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு, சுருளைக் கொண்டுபோய் வழியில் இருந்த ஒரு கிழட்டு மந்திரவாதியிடம் கொடுத்து, பதிலுக்கு ஏவலாள் மந்திரத்தை வாங்கிக்கொண்டார். அந்த மந்திரத்தைச் சொன்னால், கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலையாள் வருவான். கூட்டுவான், தண்ணீர் மொள்ளுவான், துணி மடிப்பான். சண்டை போடமாட்டான், கனமான எதையும் தூக்கமாட்டான்.

நான் கத்திவிட்டேன். "அண்ணாச்சி, ஒங்களுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நெருப்பைக் குடுத்துட்டு வீட்டு வேலைக்கு ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கிய!"

"எரிக்கது நம்ம டிபார்ட்மென்ட் இல்லவே, கண்ணாடி. நம்ம வேலை அதுக்கு முந்துனது." ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "காய்ச்சல்ல கெடக்கும்போது ஒரு தம்ளர் தண்ணி மோந்து குடுக்க ஆள் இல்லாதவனுக்குத்தான் இதோட அருமை தெரியும்" என்றார்.

இதற்கு மேல் அவரோடு சண்டை போட முடியுமா? இன்னொருமுறை, இறந்துபோன ஓர் அரசனின் உடல் முன்னால் நின்றபோது, குரலை வேறு இடத்திலிருந்து வரவைக்கிற மந்திரம் அவரிடம் இருந்தது. பிணத்தின் வாயிலிருந்து "இவர்களே என் வாரிசுகள்" என்று ஒரு வார்த்தை வரவைத்தால் ராஜ்ஜியமே எங்களுக்கு. மாட்டவே மாட்டேன் என்றுவிட்டார். "செத்தவன் வாயில பொய்யை வைக்கப்படாது." ராஜ்ஜியம் போயிற்று. நாங்கள் நடந்தே அடுத்த ஊருக்குப் போனோம்.

பிறகு செல்வினுக்கு மாடி ஏறுவது கஷ்டமாயிற்று. முதலில் நடுப்படியில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு முதல் படியிலேயே. ஒருநாள் அவர் செருப்பைக் கழற்றியபோது, கால் வீங்கி, வார் அழுத்திய பள்ளம் அப்படியே இருந்ததைக் கோமதி பார்த்துவிட்டாள். அவள்தான் இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். இதயம் பலவீனம். திருநெல்வேலிக்குப் போனார்கள், அங்கேயும் அதையே கொஞ்சம் நீளமாகச் சொன்னார்கள். படுத்தால் மூச்சு முட்டும் என்று தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடியே இரவும் பகலும் உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

நானும் கோமதியும் பார்க்கப் போனபோது ஐஸ்பெட்டியும் கிளம்பினார். அவரிடம் இருந்தது அந்த ஒரு வேன்தான். கண்ணாடியில் கறுப்புத் துணி கட்டிய வேன். தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு, கையில் சாத்துக்குடிப் பையோடு நடந்துதான் வந்தார். ஆனால் தெரு வேனைப் பார்த்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் "ஏ எஸ்தரு… போயிட்டாரா…" என்று தலையில் அடித்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே நாலு வீட்டுக்காரர்கள். யாரோ பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குச் சொல்லிவிட்டார்கள். யாரோ சிவகிரியிலிருந்த செல்வினின் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டார்கள்; அந்த அம்மாள் பஸ்ஸில் அழுதுகொண்டே கிளம்பிவிட்டார். கடைசியில் செல்வினே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, "நான் இன்னும் இருக்கேன்" என்று தெருவுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

செல்வினின் மனைவி எஸ்தர் பள்ளிக்கூட டீச்சர். அதிர்ந்து பேசாதவர். வாசலுக்கு வந்து, "அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. இனிமே இங்கன வராதிய" என்றார்.

"சரி தாயி." சாத்துக்குடிப் பையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். தெரு முனையில் நின்ற வேன் பின்னோக்கியே நகர்ந்து போயிற்று. திருப்புவதற்குக்கூட அந்தத் தெருவுக்குள் வர அவருக்கு மனம் இல்லை.

அந்த ஞாயிறு செல்வின் போன் செய்தார். "அண்ணாச்சி இல்லாம ஆட மாட்டேன். நீங்க மூணு பேரும் கடை மாடிக்குப் போங்க. நான் போன்ல வாரேன். கதையை முடிக்கணும்."

போனை நடுவில் வைத்துக்கொண்டு ஆடினோம். அந்தப் பக்கம் செல்வினுக்காகப் பகடை உருட்டியவர் எஸ்தர். பகடை தட்டில் விழுகிற சத்தமும் பிறகு அவர் எண்ணைச் சொல்லுகிற குரலும் கேட்கும். செல்வினின் வாக்கியங்கள் வாரத்துக்கு வாரம் சின்னதாகிக்கொண்டே வந்தன. முன்பெல்லாம் ஒரு கதவை வர்ணிக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். இப்போது "கதவு. இரும்பு" என்பார். நாங்களும் உடனே திறந்துவிடுவோம்.

பாதாளக் கோட்டையின் கடைசி அறைக்கு வந்து சேர்ந்தோம். அங்கே சிம்மாசனத்தில் சாகாத ராஜா. அவரைத் தாண்டினால்தான் வெளியே போகும் வழி. அவர் பார்வை பட்டால் கல்லாகிவிடுவோம். என் வாள் அவரைத் தொடாது என்று முன்பே தெரியும். ஐஸ்பெட்டியிடம் மிச்சம் இருந்தது ஏவலாள் மந்திரம் ஒன்றுதான்.

"கிரீடத்தைத் திருடச் சொல்லுங்க" என்றாள் கோமதி.

"கண்ணைக் கட்டச் சொல்லுங்க" என்றேன் நான்.

அவர் போனைப் பார்த்துக் கேட்டார். "சாரே, அந்த ராசா எம்புட்டு காலமா உக்காந்திருக்காரு?"

"ஆயிரம் வருஷம்."

"எந்திரிக்கவே இல்லையா?"

"எந்திரிச்சா செத்துருவோம்னு பயம்."

"படுக்க?"

கொஞ்சம் மூச்சு வாங்குகிற சத்தம். "படுத்தாலும் அதே பயம்தான் அண்ணாச்சி."

ஐஸ்பெட்டி தலையை ஆட்டிக்கொண்டார். "அப்பம் காலு வீங்கியிருக்கும்."

கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏவலாளைக் கூப்பிடுதேன்" என்றார் ஐஸ்பெட்டி. "ராசா காலைப் பிடிச்சு விடச் சொல்லுதேன். மெதுவா. கண்ணுக்குத் தெரியாத கைதான? ராசாவுக்குக் கூச்சமா இருக்காது."

எஸ்தரின் குரல் கேட்டது, மிகவும் மெல்ல. "என்னங்க… இதுக்குப் பகடை உருட்டணுமா?"

"வேண்டாம்" என்றார் செல்வின். வெகு நாட்களுக்குப் பிறகு, பழைய கதை சொல்லும் குரலில், ஒரு முழு வாக்கியம் வந்தது. "ராஜா கண்ணை மூடிக்கொள்கிறார், நீங்கள் அவரைத் தாண்டி வெளியே போகலாம்."

போன் துண்டிக்கப்பட்டது. நாங்கள் மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. கதை முடிந்த மகிழ்ச்சி யாருக்கும் இல்லை. மிச்சரைக் காகிதத்தோடு சேர்த்துக் கசக்கியபடி உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் போன் அடித்தது. எஸ்தர்.

"அண்ணே, அந்த அண்ணாச்சிய வரச் சொல்லுங்க. வண்டி வேண்டாம்."

என் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன். செல்வின் கட்டிலில் சாய்ந்திருந்தார். ஐஸ்பெட்டி கால்மாட்டில் உட்கார்ந்து, அந்த வீங்கிய கால்களைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ரொம்ப அழுத்தாதிய, தோலு மெலிசா இருக்கும்" என்று கோமதி சொல்லியனுப்பியிருந்தாள். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேரை அலுங்காமல் தூக்கி வைத்த கைகள் அவை. அழுத்தம் என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எஸ்தர் உள்ளே போய்க் காபி போட்டுக்கொண்டு வந்தார்.

அதிலிருந்து ஐஸ்பெட்டி தினமும் சாயங்காலம் நடந்தே போனார். போன் வந்தால் போய்விட்டு, குளித்துவிட்டு மறுபடி வருவார். அவரும் செல்வினும் விளையாட்டுச் சட்டம் பேசுவார்கள். அடைப்பு மந்திரத்தைக் கண் இமைமேல் போடலாமா, குளத்தின் மேல் போடலாமா, ஒருவன் கோபத்தின் மேல் போடலாமா. "குளம் கதவு இல்ல அண்ணாச்சி!" என்று செல்வின் மூச்சிரைக்கச் சிரிப்பது தெருவரை கேட்குமாம். எதிர்வீட்டு அம்மாள் என் கடையில் கண்ணாடி மாற்ற வந்தபோது சொன்னார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டம்ளரில் பாதிக் காபி இருக்கும்போதே செல்வின் போய்விட்டார்.

எஸ்தரின் தம்பி ஐஸ்பெட்டிக்குப் போன் செய்து பெட்டி கேட்டார். "எங்கிட்ட பெட்டி இல்ல" என்று பதில் வந்தது. அவர் ஷெட்டில் இரண்டு பெட்டிகள் நின்றுகொண்டிருந்தன. அவரே சிவகிரிக்குப் போன் போட்டார். அங்கே பெட்டி வைத்திருப்பவரோடு அவருக்கு வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை கிடையாது. "நல்லதாக் கொண்டா. சத்தம் போடாததாப் பாத்துக் கொண்டா" என்று மட்டும் சொல்லி வைத்தார்.

"ஏன் அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"பெட்டிக்காரனா வந்தா எறக்கி வச்சிட்டு, வெளிய வண்டியில போய் உக்காரணும்வே. அதான் மொறை. எனக்கு இன்னைக்கு உள்ள உக்காரணும்."

உள்ளே உட்கார்ந்தார். சுவரோரம், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு. சிவகிரிப் பெட்டி கொஞ்ச நேரத்தில் கடகடவென்று ஆட ஆரம்பித்தது. ஒரு கால் தரையில் சரியாகப் பதியவில்லை. எனக்கே அது தெரிந்தது. அவருக்கு எப்படி இருந்திருக்கும்? விரல்களை நெரித்தார். வேட்டி நுனியை முறுக்கினார். சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஜெபம் நடந்துகொண்டிருந்தது, பெட்டியும் கடகடத்துக்கொண்டிருந்தது. கடைசியில் தாங்க முடியாமல் எழுந்து, ஒரு அட்டைத் துண்டை மடித்து, குனிந்து அந்தக் காலுக்கடியில் சொருகினார். சத்தம் நின்றது. நிமிர்ந்தபோது கண்ணாடிக்குள் ட்யூப் லைட் வெளிச்சத்தில் செல்வினின் முகம் அவருக்கு நேராக இருந்தது. அவர் நகரவில்லை. அந்த நீண்ட உடம்பு தோளிலிருந்து குலுங்குவதை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். எஸ்தர் கையைப் பிடித்து அவரைப் பழையபடி நாற்காலியில் உட்காரவைத்தார்.

பக்கத்தில் இருந்த வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவர் துக்கத்தோடு விசாரித்தார். "நீங்க செல்வினுக்கு என்ன வேணும்?"

ஐஸ்பெட்டி மூக்கைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "கூட விளையாடுதவன்" என்றார்.

அதன் பிறகு நாங்கள் ஆடவில்லை. கதை சொல்ல ஆள் இல்லை. கோமதிக்கும் தூத்துக்குடிப் பக்கம் மாற்றலாகிவிட்டது. ஐஸ்பெட்டி மட்டும் சில ஞாயிறுகளில் கடைக்கு வந்து, கண்ணாடிகளைத் துடைத்து அடுக்கிவிட்டுப் போவார்.

போன மாதம் எனக்குப் பித்தப்பையில் கல். திருநெல்வேலியில் ஆபரேஷன். யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று மனைவி கேட்டாள். அவர் பெயரைத்தான் முதலில் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். மறுநாள் மதியம் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, அதே முகம். எங்கள் ஊர்க்காரரான பக்கத்துக் கட்டில் நோயாளி அவரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, தனக்கு எல்லாம் சரியாகிவிட்டது, வீட்டுக்கு அனுப்புங்கள் என்று நர்ஸைக் கூப்பிட ஆரம்பித்தார். வார்டே விழித்துக்கொண்டது. ஐஸ்பெட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டு என் அருகில் உட்கார்ந்தார். இரண்டு நாளாக வராத தூக்கம் அப்போதுதான் எனக்கு வந்தது.